வானத்திலிருந்து பார்த்த கண்மாய்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில், புவியியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறோம்.)

 

"செயற்கைக்கோள் தொலையுணர்வும் சுற்றுச்சூழல் மாற்றமும்" என்று தலைப்பு எழுதி அனுப்பியிருந்தார் செயலாளர். பெரிய தலைப்பு. நான் முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியதே இந்த வேலைக்குத்தான் என்றாலும், அதையெல்லாம் அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் ஒரே ஒரு கண்மாயைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிவகங்கைச் சீமையில், மானாவாரி நிலங்களுக்கு நடுவே இருக்கிற, சுமார் நூறு ஏக்கர் கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தக் கண்மாயை நான் ஒரு தடவை வரைபடத்திலிருந்து அழித்துவிட்டேன். அந்தக் கதைதான்.

அதற்கு முன்னால், படம் எப்படி வருகிறது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வணிகவியல் துறை நண்பர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

பச்சை இலை சூரிய வெளிச்சத்தில் உள்ள சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சிக் கொள்கிறது. இலைக்குச் சமையல் நடப்பதே அதில்தான். ஆனால் சிவப்புக்கு அடுத்தாற்போல், நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இருக்கிறதே, அதை இலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. தண்ணீர் இதற்கு நேர் எதிர். அகச்சிவப்பு ஒளியை அப்படியே விழுங்கிவிடும். செயற்கைக்கோளில் இருக்கும் கருவி இந்த ஒளிகளைத் தனித்தனியாக அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட வேண்டும் என்பதற்காக, படம் போடும்போது அகச்சிவப்புக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே எங்கள் படங்களில் வயலும் காடும் செக்கச்செவேல் என்று இருக்கும். நீர்நிலை கறுப்பாகவோ கருநீலமாகவோ இருக்கும். ஊர்கள் சாம்பல் கலந்த வெளிர்நீலம். இதற்குப் பொய் நிறப் படம் என்று பெயர். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

நம் நாட்டில் இந்த வித்தையைத் தொடங்கி வைத்தவர் பேராசிரியர் பிஷரோட்டி. 1970-ல் கேரளத்தில் தென்னையில் வேர்வாடல் நோய் பரவியபோது, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் பிலிமில் படம் எடுத்து, நோய் கண்ட மரங்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1972 ஜூலையில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட்டை ஏவியது. நமக்கென்று ஐ.ஆர்.எஸ்-1ஏ வந்தது 1988 மார்ச் 17-ல். ரஷ்ய ராக்கெட்டில், பைக்கனூரிலிருந்து போனது. அந்தச் செய்தியை வானொலியில் கேட்ட அன்று எங்கள் அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள்.

இந்தச் செயற்கைக்கோள்களின் பார்வை எவ்வளவு கூர்மை என்று மீட்டரில் சொன்னால் மறந்துபோகும். நம் ஊர்க் கணக்கில் ஏக்கர், சென்ட்டில் சொல்கிறேன். முதல் லேண்ட்சாட்டுக்கு ஒரு புள்ளி என்பது கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். அந்த ஒன்றரை ஏக்கருக்குள் கிணறு இருந்தாலும் கோயில் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே நிறம்தான். ஐ.ஆர்.எஸ்-1ஏ-யில் இருந்த நல்ல கேமராவுக்கு ஒரு புள்ளி சுமார் முப்பத்திரண்டு சென்ட். 1995 டிசம்பரில் போன ஐ.ஆர்.எஸ்-1சி-யின் வண்ணக் கேமராவில் அது பதிமூன்று, பதினான்கு சென்ட் ஆனது. 2015-ல் ஐரோப்பியர்கள் விட்ட சென்டினல்-2 இரண்டரை சென்ட்டைத் தனியாகப் பார்க்கிறது. ஒரு சின்ன வீட்டு மனை! இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

1990-ல் கம்ப்யூட்டர் என்பது எங்கள் அலுவலகத்தில் ஏ.சி. அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கும் சாமான். எங்களுக்கு லைட் டேபிள்தான். கண்ணாடி மேசைக்கு அடியில் ட்யூப்லைட் எரியும். ஐம்பதாயிரத்தில் ஒன்று அளவில் அச்சிட்ட படத்தை அதன்மேல் வைத்து, டிரேசிங் பிலிமை ஒட்டி, ரோட்ரிங் பேனாவால் எல்லைகளை வரைவோம். சிவப்பு எந்த மாதிரிச் சிவப்பு, ஓரம் நேராக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா, சொரசொரப்பா வழவழப்பா என்று கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நெல்லுக்கு ஒரு சிவப்பு, கரும்புக்கு ஒரு சிவப்பு. பழகப் பழகக் கை தானாக ஓடும். கை தானாக ஓட ஆரம்பிக்கிற நாள்தான் ஆபத்தான நாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த அளவில் நூறு ஏக்கர் கண்மாய் என்பது கட்டைவிரல் நகம் அளவு. பிப்ரவரி மாதப் படம். மழைக்காலம் முடிந்து கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டிய நாள். அந்த இடத்தில் கறுப்பு இல்லை. அடர்த்தியான, சொரசொரப்பான சிவப்பு. சர்வே ஆப் இந்தியாவின் டோபோ ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் அந்த இடத்தில் நீலத்தில் கண்மாய் இருக்கிறது, தென்கிழக்கே வளைந்த கரை இருக்கிறது. ஆனால் அந்த ஷீட் பழைய சர்வே. என் கையில் இருப்பதோ போன வருஷப் படம். புதியதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். அது போக, அந்த வருஷங்களில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் நடந்து கொண்டிருந்தது. 1981-ல் ஆரம்பித்தது. ஏரி, கண்மாய் உள்வாய்களில் நாட்டுக் கருவேலம் நட்டு வளர்த்தார்கள். சரி, இதுவும் அதில் ஒன்று என்று "வனத்தோட்டம்" என்று எழுதி, அதற்குரிய வண்ணத்தைக் கொடுத்துவிட்டேன். களச் சரிபார்ப்புக்கு ஜீப் எடுத்துப் போனபோது இந்த இடம் எங்கள் மாதிரிப் புள்ளிகளில் வரவில்லை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஏழெட்டுக் கிலோமீட்டர். மாலையாகிவிட்டது. திரும்பிவிட்டோம்.

நாலு வருஷம் கழித்து, நிலத்தடி நீர் சம்பந்தமாக வேறு ஒரு வேலைக்கு அந்தப் பக்கம் போனேன். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய முள்மரக் கூட்டத்துக்குள் நிற்கிறேன். சீமைக் கருவேலம். ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்தார்.

"தம்பி, என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. இந்த ஊரோட படம் இது. வானத்துல இருந்து எடுத்து வரைஞ்சது."

"அப்படியா? இதுல எங்க கம்மா எங்கன இருக்கு, காட்டுங்க."

தேடினேன். கண்மாய் இல்லை. இருக்கிற இடத்தில் "வனத்தோட்டம்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அவரிடம் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"நீங்க நிக்கிறதே கம்மா உள்வாய்லதான் தம்பி. அந்தா தெரியுதே, அது கரை. அதுக்கு அந்தப் பக்கம் மடை. இதைப் போயிக் காடுன்னு எழுதிப்புட்டா, நாளைக்குக் கம்மாய எங்க போயித் தேடுறது?"

அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த வட்டாரத்தில் மராமத்துக்கு எடுத்துக்கொண்ட கண்மாய்களின் பட்டியலில் இது இல்லை. ஊர்க்காரர்கள் மனு மேல் மனு கொடுத்திருக்கிறார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் நான் போய்ப் பார்த்தபோது, பைலில் என் வரைபடத்தின் நகல் இருந்தது. அந்த ஊர் விடுபட்டதற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆயக்கட்டு குறைவு, நிதி குறைவு என்று வேறு குறிப்புகளும் இருந்தன. ஆனால் அதுவும் ஒரு காரணம். நூறு ஏக்கர் உள்வாய். அதை நம்பி எத்தனை குடும்பம்! நான் லைட் டேபிளில் அதற்காகச் செலவு செய்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். வரைபடம் மறுபடி அச்சாகவில்லை. அடுத்த சுற்று வரைபடம் தயாராகும் வரை அந்தக் கண்மாய் அரசாங்கத் தாளில் காடாகவே இருந்தது.

இதைச் சொந்தக் கதை என்று விட்டுவிடாதீர்கள். பெரிய அளவிலும் இதேதான். இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987-லிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை காடுகளின் நிலை அறிக்கை வெளியிடுகிறது. அதில் வனப்பரப்பு என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கணம் என்ன தெரியுமா? ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடம், பத்து சதவீதத்துக்கு மேல் மர நிழல். அவ்வளவுதான். நிலம் யாருடையது, என்ன மரம், சட்டப்படி அது காடா என்பதெல்லாம் கணக்கில் வராது. தென்னந்தோப்பும் காடு, தேயிலைக்கு நிழல் தரும் மரமும் காடு, கண்மாய்க்குள் மண்டிய சீமைக் கருவேலமும் காடு. வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு வேறு வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த இலக்கணத்தை அவர்கள் ஒளித்தும் வைக்கவில்லை. அறிக்கையில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் பத்திரிகையில் "காடு அதிகரித்தது" என்று தலைப்பு வரும்போது இலக்கணம் கூட வருவதில்லை.

1980களில் இன்னொரு கூத்து நடந்தது. கிட்டத்தட்ட ஒரே காலத்துப் படங்களை வைத்து, ஹைதராபாத்தில் கணக்கிட்டவர்கள் நாட்டின் பரப்பில் சுமார் 14 சதவீதம் காடு என்றார்கள். வன ஆய்வு நிறுவனம் 19 சதவீதத்துக்கு மேல் என்றது. பிறகு உட்கார்ந்து பேசிச் சமரசம் செய்துகொண்டார்கள். செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை. எதைக் காடு என்று சொல்லலாம் என்பதில் மனிதர்களுக்குள் இருந்த வேறுபாடு அது.

2019-ல் நாசாவின் படங்களை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. 2000-க்கும் 2017-க்கும் இடையில் உலகம் பச்சையாகியிருக்கிறது, அதில் சீனாவும் இந்தியாவும் முன்னணி என்றது. வாட்ஸ்அப்பில் நம் நண்பர்கள் எல்லோரும் எனக்கு அனுப்பினார்கள், கைதட்டல் படத்தோடு. அதே கட்டுரையில் இன்னொரு வரி இருக்கிறது. இந்தியாவின் அந்தப் பச்சையில் 82 சதவீதம் விளைநிலம், காடு 4.4 சதவீதம்தான். அதாவது ஒரு போகம் விளைந்த இடத்தில் இரண்டு போகம், மூன்று போகம். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்தது. படத்தில் பச்சை ஏறுகிறது, தரைக்கு அடியில் நீர்மட்டம் இறங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் செய்தி முழுமையாகும்.

சரி, கண்மாய்க்கு வருகிறேன்.

2008-ல் லேண்ட்சாட் படங்கள் அத்தனையையும் அமெரிக்கர்கள் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நான் சர்வீஸில் சேர்ந்த காலத்தில் ஒரு படத்துக்கு இண்டெண்ட் போட்டு, கையெழுத்து வாங்கி, மாதக்கணக்கில் காத்திருப்போம். இப்போது வீட்டில் உட்கார்ந்து இறக்கிக் கொள்ளலாம். முதல் வேலையாக நான் தேடியது அந்தக் கண்மாயைத்தான். மனசுக்குள் ஒரு முள் இருந்தது, என்ன செய்வது!

இங்கே மாணவர்களுக்கு ஒரு தொழில் விஷயம். இரண்டு வருஷப் படங்களை ஒப்பிடுவது என்றால், 1973 ஜனவரியையும் 2009 மே மாதத்தையும் பக்கத்தில் வைத்து "ஐயோ, தண்ணீர் போச்சே" என்று எழுதிவிடக் கூடாது. நமக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அப்போது மேகம் மறைக்கும், படம் கிடைப்பதே அபூர்வம். ஜனவரி கடைசி, பிப்ரவரிதான் கண்மாயில் தண்ணீரும் இருக்கும், வானமும் தெளிந்திருக்கும். ஜனவரியை ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும். அதே சமயம் மே மாதப் படத்துக்கும் ஒரு உபயோகம் உண்டு. கோடையில் பயிர் இருக்காது, புல் காய்ந்துவிடும். சீமைக் கருவேலம் மட்டும் பச்சை மாறாமல் நிற்கும். 1990-ல் நான் கோடைப் படம் ஒன்றையும் கூட வைத்துப் பார்த்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும்.

1973 ஜனவரிப் படத்தில் அந்தக் கண்மாய் கறுப்பாக, முழுசாக இருந்தது. ஒன்றரை ஏக்கருக்கு ஒரு புள்ளி என்றாலும் கரையின் வளைவு தெரிந்தது. அதற்குப் பிந்திய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கறுப்பு கரை ஓரமாகச் சுருங்குகிறது. மேற்கே, தண்ணீர் வந்து சேரும் பக்கத்திலிருந்து சிவப்பு உள்ளே நகர்கிறது. கடைசியில் என் 1990.

ஏன்? மழை குறைந்துவிட்டது என்றுதான் எல்லா அலுவலகத்திலும் சொன்னார்கள். இந்த இடத்தில்தான் படம் எனக்கு உதவியது. அதே படத்தில், அதே நாளில், நாலைந்து கிலோமீட்டர் மேலே இருக்கிற இன்னொரு கண்மாய் நிறைந்து கிடக்கிறது. அடுத்த படத்திலும் அப்படித்தான். ஒரே வானம், ஒரே மழை. மேல் கண்மாய் நிறைகிறது, கீழ்க் கண்மாய் நிறையவில்லை என்றால் கோளாறு வானத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. நடுவில் என்ன இருக்கிறது என்று படத்தில் தேடினால் ஒன்றும் தெரியவில்லை.

மறுபடியும் ஊருக்குப் போனேன். பெரியவர் இல்லை, காலமாகிவிட்டார். அவர் மகன் என்னை வரத்துக்கால் வழியாக நடத்திக் கூட்டிப் போனார். மேல் கண்மாயின் கலுங்கிலிருந்து மறுகால் பாயும் தண்ணீர் இந்தக் கால் வழியாகத்தான் வர வேண்டும். அகலம் பத்துப் பன்னிரண்டு அடி. வழியில் ஒரு இடத்தில் வண்டிப்பாதைக்காக மண் போட்டு மேடாக்கியிருக்கிறார்கள், அடியில் குழாய்கூட வைக்கவில்லை. அதற்குக் கீழே முழுக்க முள். ஒரு இடத்தில் கால் இருந்த தடமே வயலோடு வயலாகச் சேர்ந்திருந்தது.

"எல்லாருக்கும் தெரியும் சார். யாரும் கேட்கல, சொல்லல" என்றார்.

பத்தடி அகலக் காலை முப்பது மீட்டர் புள்ளி எப்படிப் பார்க்கும்? நான் முன்னால் சொன்ன சென்ட் கணக்கு இதற்குத்தான். ஒரு நூறு ஏக்கரைச் சாகடித்த காரணம், என் படத்தில் ஒரு புள்ளிக்குள் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. இன்றைக்கு இருக்கும் கூர்மையான படங்களில் அந்தக் காலின் தடத்தைப் பார்த்துவிடலாம்தான். ஆனால் அது வாய்க்காலா வண்டிப்பாதையா என்று அந்த மகன்தான் சொல்ல வேண்டும்.

படங்களைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய் ஊர்க் கூட்டத்தில் விரித்தேன். 1973 படத்தைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா, "நான் வாக்கப்பட்டு வந்தப்ப இப்படித்தான் கெடந்துச்சு" என்றார். அந்தப் படங்களோடும், வரத்துக்காலை நடந்து அளந்த குறிப்போடும் சேர்த்து மறுபடி மனு கொடுத்தார்கள். இந்தத் தடவை உள்வாயை மட்டும் தூர் வாருங்கள் என்று கேட்கவில்லை. முதலில் காலைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். 2016-17-ல் அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியது. 2017-ல் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவும் இருந்தது. எல்லாம் சேர்ந்து வந்ததில் அந்த ஊருக்கும் வேலை வந்தது. முள் முழுசாகப் போகவில்லை. வெட்டினால் மறுபடி துளிர்க்கிற ஜாதி அது. விறகுக்கரி போட்டுப் பிழைத்த சிலருக்கு அதில் நஷ்டம்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. போன பிப்ரவரியில் எடுத்த சென்டினல் படத்தில் கரையை ஒட்டிக் கறுப்பு தெரிகிறது. பாதிக் கண்மாய் என்று சொல்லலாம். பாதிதான்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் என்று கணக்கு. இந்த மண்டபத்தில் இருக்கிற மாணவர்களில் எத்தனை பேர் ஊரில் ஒரு ஏரியாவது இருக்கும்! 1972-லிருந்து இன்று வரை படம் இலவசமாகக் கிடக்கிறது. நம் ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் புவன் தளமும் 2009-லிருந்து இருக்கிறது. மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் வசதி வந்துவிட்டது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் அந்த வகைதான். மழைக்காலத்தில் கண்மாய் நிறைகிறதா இல்லையா என்பதை இனி மழைக்காலத்திலேயே பார்க்கலாம். எங்களுக்கு இல்லாத வசதி. பொறாமையாகத்தான் இருக்கிறது.

துறைத் தலைவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கு ஒரு கண்மாய் எடுத்துக்கொண்டு, நாலு ஜனவரிப் படம், ஒரு மே மாதப் படம் பார்த்து, வரத்துக்காலைக் கலுங்கிலிருந்து கண்மாய் வரை ஒரு தடவை நடந்துவிட்டு வந்து எழுதட்டும். நடந்ததற்குச் சாட்சியாகக் காலில் இரண்டு முள்ளாவது குத்தியிருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தச் சிவகங்கைக் கண்மாயின் படங்களையும், 1990-ல் நான் வரைந்த அந்தத் தப்பான டிரேசிங் பிலிமையும் துறை நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். பிலிம் ஓரம் மஞ்சளாகிவிட்டது. "வனத்தோட்டம்" என்ற எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பந்தி தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். விடுதிச் சாம்பார் மாறியிருக்கிறதா என்று களச் சரிபார்ப்பு செய்யப் போவோம்.